தும்பை விடுதியில் எழுத்து விழுந்த இட்லிகள்

தும்பை மகளிர் விடுதியின் இட்லிகளில் எழுத்து விழ ஆரம்பித்தது ஆடி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். அன்றைக்கு இடியும் இல்லை, மின்னலும் இல்லை, ஊரில் எந்தக் கோயிலிலும் கொடைவிழா இல்லை, மாவுகூட முந்தின நாள் ஆட்டி வைத்துப் புளித்த அதே மாவுதான். இட்லி அவிக்கும் உச்சிமாகாளியக்கா கொப்பரை மூடியைத் தூக்கி, ஆவியை முந்தானையால் விசிறி, தட்டைக் கவிழ்த்து, தண்ணீர் தெளித்துத் துணியை உரித்தபோது, ஒவ்வொரு இட்லியின் முதுகிலும் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. ஒன்றில் ‘தலைமுடி கொட்டுவது நிற்க’. இன்னொன்றில் ‘திருநெல்வேலி கோயம்புத்தூர் கடைசி பஸ் எத்தனை மணி’. மூன்றாவதில் ‘பார்த்துவிட்டும் பதில் போடாதவனை மறப்பது எப்படி’. அக்கா மூன்றையும் வாசித்தாள், மூன்றையும் ஒரே தட்டில் வைத்தாள், சாம்பாரை ஊற்றி அனுப்பிவிட்டு அடுத்த ஈட்டுக்கு மாவு மொள்ளப் போனாள். வெளியே பிள்ளைகள் பசியோடு நின்றன.

முதலில் துணியைச் சந்தேகப்பட்டார்கள், அச்சடித்த துணியை எவனோ தலையில் கட்டிவிட்டான் என்று. துணியை மாற்றினார்கள், எழுத்து விழுந்தது. துணியே வேண்டாமென்று எண்ணெய் தடவிய எவர்சில்வர் தட்டுக்கு மாறினார்கள். எழுத்து இன்னும் பளிச்சென்று விழுந்தது. இயற்பியல் துறைக்காரர்கள் வந்து ஆவியின் அழுத்தம் என்றார்கள், தமிழ்த் துறைக்காரர்கள் வந்து எழுத்தின் வளைவைப் பார்த்து ஒரு கருத்தரங்குக்கு நாள் குறித்தார்கள், இரண்டு துறையும் ஆளுக்கு ஆறு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போனது.

அது என்ன எழுத்து என்று கண்டுபிடித்தவள் நிறைமதி. புள்ளியியல் முதுகலை இரண்டாமாண்டு, பதினேழாம் எண் அறை. விடுதிச் சேர்க்கைப் படிவத்தில் ‘பொழுதுபோக்கு’ என்ற இடத்தில் ‘மறுத்துப் பேசுதல்’ என்று எழுதி, வார்டன் அதை அடித்துத் திருப்பி அனுப்ப, அடித்ததை மறுத்து ஒரு விளக்கக் கடிதம் இணைத்துத் திரும்பக் கொடுத்தவள். அவள் நான்கு நாள் காலையில் கொப்பரைக்குப் பக்கத்திலேயே நின்று, விழுந்த வரிகளையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டாள். பிறகு அறை அறையாகப் போய், நேற்று யார் யார் செல்போனில் எதை எதைத் தேடினீர்கள் என்று கேட்டாள். பாதிப் பேர் கதவைச் சாத்தினார்கள். மீதிப் பேர் சொன்னது போதுமாக இருந்தது. இந்த விடுதியில் சாப்பிடுகிறவர்கள் நாளைக்கு வலையில் எதைத் தேடப்போகிறார்களோ, அது இன்றைக்கு இட்லியில் வருகிறது. நாளைக்கு ஒன்பது பேர் ஒரே கேள்வியைத் தட்டப்போகிறார்கள் என்றால் இன்றைக்கு ஒன்பது இட்லி அதே கேள்வியோடு வேகிறது. யார் கேள்வி யார் தட்டில் விழும் என்பதற்கு மட்டும் கணக்குக் கிடையாது.

இதைக் கேட்டு நானூற்றுப் பன்னிரண்டு பெண்களும் மயங்கி விழுந்துவிடவில்லை. ஒரு வாரம் வெட்கப்பட்டார்கள், இரண்டாம் வாரம் சிரித்தார்கள், மூன்றாம் வாரம் அதற்கென்று ஒரு மரியாதை உண்டாகிவிட்டது. அடுத்தவள் தட்டைக் குனிந்து பார்ப்பது அநாகரிகம் என்றானது. அந்தரங்கமான வரி வந்தால் முதலில் சாம்பாரை ஊற்ற வேண்டும், பிறகுதான் உட்கார வேண்டும் என்றானது. ‘முதுநிலை வார்டன் பதவி உயர்வு தகுதி’ என்று ஒரு இட்லி வந்தபோது யாரும் வாய்விட்டுச் சிரிக்காமல், அதைத் தனியாக ஒரு கிண்ணத்தில் வைத்து வார்டன் கமலநாயகி அம்மையாருக்கே கொடுத்தனுப்பினார்கள். அவரும் சட்னி வாங்கிச் சாப்பிட்டார். இட்லியில் எழுத்து விழுவதைவிட, சட்னியில் தேங்காய் விழுவதுதான் அந்த விடுதியில் பேசத் தகுந்த அதிசயமாக இருந்தது.

ஆவணியில் தரமதிப்பீட்டுக் குழு வருவதாகக் கடிதம் வந்தது. ஐந்து பேர் வந்து பல்கலைக்கழகத்தைச் சுற்றிப் பார்த்து மதிப்பெண் போடுவார்கள்; வெள்ளிக்கிழமை காலை விடுதியில் மாணவியரோடு சிற்றுண்டி, மதியம் மைதானத்தில் ஆயிரம் பேருக்குப் பிரியாணி, அண்டா அண்டாவாக நன்னாரி சர்பத். சுவர்களுக்கு வெள்ளையடித்தார்கள், மரங்களுக்கு அடித்தார்கள், நகராமல் நின்ற ஒரு நாயின் காலிலும் கொஞ்சம் அடித்தார்கள். அந்த வாரத்துத் திங்கட்கிழமைதான் கொப்பரையிலிருந்து ‘வயிறு பொருமினால் என்ன செய்ய’ என்று ஐந்து இட்லி வந்தது.

ஐந்து என்பது பெரிய எண் இல்லை. மாதம் முழுக்க நாளுக்கு ஒன்றோ இரண்டோ வயிற்று இட்லி வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் செவ்வாய்க்கிழமை பதினொன்று வந்தது, ‘வாந்தி நிற்க’ என்றும் ‘தண்ணீர்போலப் போனால் எந்த மாத்திரை’ என்றும். அந்தப் பதினொன்றோடு சேராமல் தனியாக ஒன்று, ஒரு முதலாமாண்டுப் பிள்ளையின் தட்டில் கிடந்தது: ‘கிரியாட்டினின் எவ்வளவு இருந்தால் ஆபத்து’.

அந்தப் பிள்ளைக்கு அது என்ன மொழி என்றே புரியவில்லை. நிறைமதிக்குப் புரிந்தது. சிறுநீரகத்துக்கான ரத்தச் சோதனையில் வரும் அந்தச் சொல்லைத் தேடக்கூடியவள் அந்த விடுதியில் ஒருத்திதான்: அவளோடு பதினேழாம் அறையில் இருக்கும் ஜெமிமா. மார்த்தாண்டத்துக்காரி, தாவரவியல் படிக்கிறாள். போன வருஷம் விடுதியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தபோது மற்றவர்கள் மூன்று நாளில் எழுந்துவிட்டார்கள், ஜெமிமாவுக்குச் சிறுநீரகம் அடைத்துக்கொண்டு பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரி. இன்னொரு தரம் இப்படி வந்தால் தாங்காது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அப்போது பல்கலைக்கழகம் விசாரித்து, மாணவியர் வெளியே பானிபூரி தின்றதே காரணம் என்று அறிக்கை கொடுத்தது. ஜெமிமா திரும்பி வந்ததும் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்க ஒரு கெட்டில் வாங்கினாள். அறையில் மின்சாதனம் வைத்திருந்த குற்றத்துக்காக அதைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள்.

புதன்கிழமை நிறைமதி வகுப்பு முடிந்து வந்தபோது ஜெமிமா கட்டிலில் சுருண்டு செல்போனைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

“என்னட்டி தேடுத?”

“நீ நேத்தே வாசிச்சுட்டு இண்ணைக்குக் கேக்க. நல்ல ஆளுதான்.”

“வயிறா?”

“ரெண்டு மட்டம் போச்சு. பேடிக்காத, பயப்பட ஒண்ணும் இல்ல, இது சும்மா. ஆனா எனக்கு அந்தத் தண்ணிக்க மணம் பிடிக்கல்ல கேட்டியா. குளிக்கும்போ ஒரு வாடை வருது, அதே வாடை மோருலயும் வருது. போன வருசமும் இப்பிடித்தான் முதல்ல நாலு பேரு, பின்ன பத்துப் பேரு, பின்ன எல்லாரும்.”

அன்றைக்குக் காலையில் வயிற்று இட்லி இருபத்துமூன்று. ஐந்து, பதினொன்று, இருபத்துமூன்று என்று நோட்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினால், புள்ளியியல் படிக்காதவர்களுக்கும் அடுத்தது என்ன என்று தெரியும். ஐந்து வருஷம் படித்தவளுக்கு அதே தண்ணீரில் கலக்கப்போகும் சர்பத் அண்டாவே கண்ணில் தெரிந்தது. நிறைமதி விடுதி மேல்நிலைத் தொட்டியைக் கழுவச் சொல்லி மனு எழுதிக்கொண்டு வார்டனிடம் போனாள்.

“இட்லியைச் சாட்சியா வச்சு மனுக் கொடுக்கிறியாம்மா நீ?” என்றார் கமலநாயகி.

“முடி கொட்டுறதுக்கும் பஸ்ஸுக்கும் இட்லி சொன்னதெல்லாம் சரியாத்தானே மேடம் இருந்தது. வயித்துக்கு மட்டும் பொய் சொல்லுமா?”

“சின்னப் பிள்ளைங்க எதையாவது பார்த்துப் பயந்து தேடும். தேடுறதெல்லாம் நோயா?”

“ஒருத்தி தேடுனா பயம் மேடம். இருபத்துமூணு பேரு தேடுனா தண்ணி.”

மனு பொறியாளருக்குப் போனது; பொறியாளர் அதைச் சுகாதாரப் பிரிவுக்கு அனுப்பினார்; சுகாதாரப் பிரிவு, இதில் வலை சம்பந்தப்பட்டிருப்பதால் கணினி மையத்துக்கு அனுப்பியது. அதற்குள் மூன்று சுற்றறிக்கைகள் வந்துவிட்டன. முதலாவது, இட்லிகளை எழுத்து விழுந்த பக்கம் கீழே இருக்குமாறு பரிமாற வேண்டும் என்றது. இரண்டாவது, மாணவியர் வலையில் நல்ல சொற்களையே தேட வேண்டும், எடுத்துக்காட்டாக ‘ஆரோக்கியம்’, ‘விடாமுயற்சி’ என்றது. மூன்றாவது, வரப்போகும் வயிற்றுக் கோளாறுகளுக்கு மாணவியர் வெளியே பானிபூரி தின்னப்போவதே காரணம் என்று, நோய் வருவதற்கு முன்பே விசாரணையை முடித்து வைத்தது. வாசலில் பதினான்கு வருஷமாகப் பானிபூரி விற்ற மனுஷனை, அவர் இன்னும் செய்யாத குற்றத்துக்காக வண்டியோடு விரட்டினார்கள். அவர் யாரிடமும் சண்டைக்கு நிற்கவில்லை. காவலாளியிடம், “நாளைக்குத் திங்கப்போறதுக்கு இன்னைக்கே துட்டு வாங்கிக்கிடலாமாய்யா?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை காலை இட்லி வெள்ளையாக வந்தது. ஒரு எழுத்து இல்லை, ஒரு கீறல் இல்லை. வார்டன் சமையற்கட்டுக்கே வந்து, ஒரு இட்லியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, முன்னும் பின்னும் பார்த்து, “பார்த்தியா, எல்லாம் சரியாப்போச்சு” என்று நிறைமதியிடம் சொன்னார்.

“இது சரியாப்போனது இல்ல மேடம். நாளைக்கு இந்த விடுதியில ஒருத்திகூட எதையும் தேடப்போறதில்ல. நானூத்திப் பன்னெண்டு பேரும் ஒரே நாள்ல ஏன் தேடாம இருக்கப்போறோம்? எங்களுக்கு என்ன செய்யப்போறீங்க?”

வார்டனுக்கு அதுவரை அந்த யோசனையே இல்லை. சாயங்காலத்துக்குள் வந்துவிட்டது. குழு வந்து போகும்வரை, அதாவது திங்கள் காலைவரை, வளாகத்தில் வலை இருக்காது, செல்போன்களை ஒப்படைக்க வேண்டும் என்று அறிவித்து, வரிசையில் நிற்க வைத்து, அரிசிச் சாக்கில் ஒவ்வொன்றாகப் போடச் சொன்னார்கள். தேடினால்தானே நோய், தேடாவிட்டால் என்ன நோய் என்பது நிர்வாகத்தின் மருத்துவம்.

அந்த வரிசையில்தான் நிறைமதி முன்னும் பின்னுமாக நடந்து பேசினாள். எதிரே நிற்பவரை மறுப்பதைத் தவிர வேறெதற்கும் வாயைத் திறந்திராதவள், முதல்தடவையாக ஒரு காரியத்தை ஒப்புக்கொள்ளச் சொல்லிக் கேட்டாள். நாளன்னைக்குச் சனிக்கிழமை, அவுட்டிங் நாள். ஊருக்குள் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பிரவுசிங் சென்டர் இருக்கிறது. எல்லோரும் போய் ஆளுக்கொரு தடவை ஒரே கேள்வியைத் தட்டுவோம். சனிக்கிழமை தட்டப்போவது வெள்ளிக்கிழமை காலை இட்லியில் வரும். வெள்ளிக்கிழமை காலை அந்த இட்லியைத் தின்னப்போவது யார்?

ஒரு முதலாமாண்டுக்காரி கேட்டாள்: “அக்கா, இட்லியில வந்து தொட்டியக் கழுவிட்டாங்கன்னா, அப்பறம் நாம போய்த் தேட வேண்டாமே?”

“அப்படி நீ மனசுக்குள்ள நினைச்சேன்னா நாளைக்கு வராதுட்டி. நிசமாப் போறவளுக்குத்தான் வரும்.”

வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணிக்கு முதல் ஈடு வெந்தது. உச்சிமாகாளியக்கா துணியை உரித்தாள். வெள்ளை. இரண்டாவது ஈடு, அதுவும் வெள்ளை. “வெள்ளையாவே வருதே தாயி” என்றாள் அக்கா, கவலையாகக்கூட இல்லை, மழை வரவில்லை என்பதுபோல.

நிறைமதி கூடத்துக்கு ஓடினாள். நானூறு பேரும் குழுவுக்காக ஒரே நிறத்தில் சேலை கட்டி வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அறிவிப்புப் பலகையில் புதிதாக ஒரு தாள்: சனிக்கிழமை அவுட்டிங் ரத்து. யாரும் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒருத்தி தரையைப் பார்த்துக்கொண்டே, “எங்க அப்பாவுக்குப் போன் போட்டுச் சொல்லிருவாங்க அக்கா” என்றாள். நிறைமதி அதை மறுக்காமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் வாழ்க்கையில் அப்படி நடந்ததே கிடையாது.

ஜெமிமா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். முகம் வெளுத்திருந்தது. “நான் நாளைக்குப் போவேன். கேட்டைப் பூட்டினா சுவரு உண்டு. மத்தியானம் அந்தச் சர்பத்தைக் குடிச்சா நான் சனிக்கிழமை எங்க கிடப்பேன்னு எனக்குத் தெரியும், அதனால எனக்கு எங்கப்பாவ நெனச்சுப் பேடி இல்ல. நீங்கள்லாம் வரணும்னு நான் சொல்லல்ல. வாறவ வா.” சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். நிற்க முடியவில்லை.

சமையற்கட்டிலிருந்து அக்காவின் குரல் வந்தது: “ஒண்ணு விழுந்திருக்கு.”

மூன்றாம் ஈட்டில் ஒரே ஒரு இட்லி. ‘எங்கள் தண்ணீர்த் தொட்டியைக் கடைசியாகக் கழுவியது எப்போது’. நிறைமதி அதைத் தட்டில் ஏந்திக்கொண்டு வந்து காட்டினாள். ஒருத்தி எழுந்து அடுப்படி வாசலில் வந்து நின்று, “நானும்” என்றாள், இன்னொருத்தி வந்தாள், அப்பாவுக்குப் பயந்தவள் வந்து, “சொன்னாச் சொல்லிட்டுப் போறாங்க” என்றாள். நாலாம் ஈட்டில் பதினான்கு. ஆறாம் ஈட்டில் எழுபது. பிறகு கொப்பரை மூடியைத் தூக்கும்போதெல்லாம் ஆவிக்குள்ளிருந்து அந்த ஒரே கேள்விதான் வந்தது, தட்டுத் தட்டாக, அடுக்கடுக்காக. அக்கா ஒருமுறைகூட நிமிராமல், உரித்து உரித்து அடுக்கிக்கொண்டே இருந்தாள்.

எட்டரைக்குக் குழு வந்து உட்கார்ந்தது. பதிவாளர் ஒரு பக்கம், வார்டன் ஒரு பக்கம். வெள்ளை இட்லி என்ற நம்பிக்கையில் எழுத்துப் பக்கத்தைக் கீழே வைக்கச் சொல்ல அன்றைக்கு எல்லோரும் மறந்திருந்தார்கள். குழுத் தலைவர் ஒடிசாக்காரப் பேராசிரியை, பிரமிளா மொஹாந்தி, தமிழ் தெரியாது. இட்லியைக் குனிந்து பார்த்து, என்ன எழுதியிருக்கிறது என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“நல்வரவு” என்று பதிவாளர் மொழிபெயர்த்தார்.

மொஹாந்தி பக்கத்துத் தட்டைப் பார்த்தார். அதிலும் அதே வரி. எதிர்வரிசைத் தட்டுகளிலும் அதே. “நல்வரவு கொஞ்சம் நீளமாக இருக்கிறதே.”

“எங்கள் மொழியில் விருந்தோம்பல் அதிகம்” என்றார் பதிவாளர்.

சட்னி வாளியோடு நின்ற நிறைமதி வாளியைக் கீழே வைத்தாள். “மறுக்கிறேன் சார்” என்று தமிழில் சொன்னாள். பிறகு அந்த வரியைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தில் சொன்னாள்.

மொஹாந்தி கையிலிருந்த விள்ளலைத் தட்டிலேயே வைத்தார். “எப்போது?” என்று கேட்டார். பதிவாளர் பொறியாளரைப் பார்த்தார், பொறியாளர் வார்டனைப் பார்த்தார், வார்டன் ஜன்னல் வழியாகத் தொட்டியைப் பார்த்தார், அது சொல்லும் என்று எதிர்பார்ப்பதுபோல.

குழாய் வேலை பார்க்கும் சங்கிலிப் பூதத்தார் ஏணியில் ஏறினார். மேலே வெகுநேரம் நின்றார். இறங்கி வந்தபோது, “மூடியே கெடையாதுய்யா. பறவை எத்தனன்னு எண்ணல. சாக்கடைக் குழாயும் பக்கத்துலயே ஒழுகுது. மிச்சத்தச் சொன்னா நீங்க யாரும் சாப்பிட மாட்டிய” என்று சொல்லி, கை கழுவத் தண்ணீர் கேட்டார். குழாயைக் காட்டினார்கள். அவர் அந்தக் குழாயையும் அவர்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கையை அப்படியே தூக்கிப் பிடித்துக்கொண்டு தெருவுக்கு நடந்தார்.

சர்பத் அண்டாக்களைச் சாக்கடையில் கவிழ்த்தார்கள். பிரியாணி ரத்து. தொட்டியைக் காலிசெய்து கழுவினார்கள்; அதுவரை முறை வைத்து லாரித் தண்ணீர் வந்தது. ஜெமிமாவைக் குழுவின் காரிலேயே ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, ஒரு பாட்டில் ஏற்றி, ரத்தம் எடுத்துப் பார்த்து, இந்தத் தடவை நேரத்தோடு வந்துவிட்டாய் என்று சாயங்காலம் திருப்பி அனுப்பினார்கள். இரவுக்குள் பல்கலைக்கழகம் செய்தி கொடுத்துவிட்டது: நிர்வாகத்தின் தொலைநோக்கால் தொட்டித் தூய்மைப் பணி திட்டமிட்டபடி நடந்தேறியது. ‘மாணவியர் பங்கேற்பு’ என்ற தலைப்பில் குழு முழு மதிப்பெண் போட்டதாக ஒரு வரியும் இருந்தது.

சனிக்கிழமை இரண்டு மணிக்கு நானூற்றுப் பன்னிரண்டு பேரும் கேட்டுக்கு முன்னால் நின்றார்கள். வார்டன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“அதான் தொட்டியைக் கழுவியாச்சே. இன்னும் எதுக்குத் தேடணும்?”

“நீங்க கழுவினது இட்லியை நம்பி மேடம். நாங்க போகலன்னா நேத்து இட்லி சொன்னது பொய்யாயிரும். அடுத்த வருஷம் வயிறுன்னு எழுத்து வந்தா நீங்களே இதை எடுத்துக் காட்டுவீங்க, மாட்டீங்களா?” என்றாள் நிறைமதி.

கமலநாயகி அம்மையார் யோசித்தார். தன்னைப் பற்றி அந்தப் பெண் சொன்னது அவருக்குச் சரியாகத்தான் பட்டது. பூட்டைத் திறந்தார்.

பிரவுசிங் சென்டரில் ஐந்து கணினிகள். வரிசை பஸ் ஸ்டாண்டைச் சுற்றி, பூக்கடைகளைத் தாண்டி, ரயில்வே கேட் வரைக்கும் நின்றது. ஜெமிமாவை ஸ்டூலில் உட்கார வைத்து முதலில் தட்டச் சொன்னார்கள். எங்கள் தண்ணீர்த் தொட்டியைக் கடைசியாகக் கழுவியது எப்போது. வலை அரை நொடி யோசித்து, புதுத் தொட்டி விற்கும் கடைகளின் முகவரியைக் கொடுத்தது. அடுத்தவள் தட்டினாள், அவளுக்கும் அதே கடைகள். பார்த்துக்கொண்டிருந்த பஸ் ஸ்டாண்டு ஜனங்கள் என்ன ஏது என்று விசாரித்து, விசாரித்தவர்கள் தங்கள் போனிலும் தட்டிப் பார்த்து, அவர்கள் சொல்லக் கேட்டவர்கள் வீட்டிலிருந்து தட்டி, இருட்டுவதற்குள் மாவட்டத்தில் அன்று அதிகம் தேடப்பட்டவற்றின் பட்டியலில் ஒரு நடிகையின் கல்யாணத்துக்கும் தங்கத்தின் விலைக்கும் நடுவில் அந்தக் கேள்வி போய் உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, விடுமுறை. யாரும் உத்தரவு போடவில்லை, யாரும் மனுக் கொடுக்கவில்லை. ஆனாலும் விடிந்ததிலிருந்து மாவட்டம் முழுக்க, கல்லூரி விடுதிகளிலும் பள்ளிக்கூடங்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் கல்யாண மண்டபங்களிலும், தொட்டிகளின்மேல் ஆட்கள் ஏறி நின்று வாளி வாளியாக என்னத்தையோ அள்ளிக் கீழே கொட்டிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு தொட்டிக்குக் கீழேயும் ஒரு அதிகாரி மூக்கைப் பொத்திக்கொண்டு நின்று, போகிறவர் வருகிறவரிடமெல்லாம், இது வழக்கமாக வாராவாரம் நடப்பதுதான் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.